விற்றது போக மிஞ்சியது: அயர்லாந்துக் கிராம வீடுகளின் அன்றாட உணவு

அயர்லாந்தின் உணவு என்றதும் உருளைக்கிழங்கு நினைவுக்கு வருவது இயல்பே எனினும், அத்தீவின் ஏழை உழவர் வீடுகளில் அக்கிழங்கு மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தனியரசு செலுத்திய காலம் ஏறத்தாழ நூறாண்டுகளே. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகப் பாலும் ஓட்ஸும் அங்கு வயிற்றை நிரப்பின. அதற்குப் பின் மக்காச்சோள மாவும் சோடா ரொட்டியும் தேநீரும் வந்து சேர்ந்தன. இந்த மூன்று காலங்களிலும் உணவுப் பொருள்கள் மாறிக்கொண்டே இருந்தபோதிலும் வீட்டுக் கணக்கு ஒன்று மட்டும் மாறவில்லை. விளைந்ததிலும் கறந்ததிலும் சிறந்த பங்கு முதலில் குலத்தலைவனுக்கும், பிற்காலத்தில் நிலவுடைமையாளனுக்கும் சந்தைக்கும் போய்விட, எஞ்சியதைக் கொண்டே அடுப்படி நடந்தது. அயர்லாந்தின் பாரம்பரிய உணவு என்று இன்று போற்றப்படுவனவற்றில் பெரும்பகுதி, இவ்வாறு எஞ்சியவற்றிலிருந்து பெண்கள் உருவாக்கியதே என்பது அவ்வுணவுகளை ஒவ்வொன்றாக ஆராயும்போது தெளிவாகிறது.

பழைய ஐரிஷ் சமூகத்தில் செல்வம் மாடுகளைக் கொண்டே அளக்கப்பட்டது. 7, 8ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சட்ட நூல்கள் ஒருவரது தகுதியையும் அவருக்குரிய தண்டத்தொகையையும் கறவை மாடுகளின் எண்ணிக்கையில் குறிப்பிடுவதோடு, குடியானவர் ஆண்டுதோறும் தம் தலைவருக்குச் செலுத்த வேண்டிய உணவு வரியையும் வகுத்துரைக்கின்றன. வளர்ப்புப் பிள்ளைகளுக்கு எத்தகைய கஞ்சி தரப்பட வேண்டும் என்பதைக்கூட அச்சட்ட மரபு விட்டுவைக்கவில்லை: தாழ்ந்த நிலையினரின் மகனுக்குத் தண்ணீரிலோ மோரிலோ காய்ச்சிய கஞ்சியுடன் பழைய வெண்ணெய், தலைவர் மகனுக்குப் புதுப்பாலில் காய்ச்சிய கஞ்சியுடன் புது வெண்ணெய், அரசர் மகனுக்குத் தேன் என்று உரைநூல்கள் வரிசைப்படுத்துகின்றன. கஞ்சி எல்லா வீட்டிலும் இருந்தது. அதில் என்ன சேர்ந்தது என்பதில்தான் குலமும் செல்வமும் தெரிந்தன.

பாலும் பாலிலிருந்து பெறப்படும் பண்டங்களும் ஐரிஷ் மொழியில் 'வெள்ளுணவு' என்ற பொருள்படும் பான்வியா என்னும் சொல்லால் குறிக்கப்பட்டன. புதுப்பால், புளித்து உறைந்த கெட்டிப்பால், திரிந்த பாலின் கட்டி, அதிலிருந்து வடிந்த நீர், கடைந்த வெண்ணெய், கடைந்தபின் நின்ற மோர், கன்று ஈன்ற சில நாள்களில் கறக்கும் சீம்பாலைக் காய்ச்சித் திரித்த கட்டி என அவற்றின் வகைகள் பல. 1690ஆம் ஆண்டில் அயர்லாந்தில் போரிட்ட ஜான் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயப் படைவீரர், இம்மக்கள் பாலை இருபது விதமாக உண்பதாகவும் பருகுவதாகவும், மிகப் புளித்ததையே பெரிதும் விரும்புவதாகவும் வியந்து எழுதியுள்ளார். மோரும் தயிரும் பழகிய தமிழ் வாசகருக்கு அவ்வியப்பே வியப்பாக இருக்கும். அயர்லாந்து மாடுகள் கோடையில் பால் வழங்கிக் குளிர்காலத்தில் மடி வற்றின. எனவே கோடையில் இளம்பெண்கள் மந்தைகளுடன் மலைமேய்ச்சல் நிலங்களுக்குச் சென்று அங்கேயே குடிசை போட்டுத் தங்கி வெண்ணெய் எடுப்பது பல பகுதிகளில் வழக்கமாக இருந்தது.

அவ்வெண்ணெயைச் சேமித்து வைக்கச் சதுப்பு நிலம் பயன்பட்டது. காற்றுப் புகாத, குளிர்ந்த, அமிலத்தன்மை மிக்க அந்நிலத்தில் மரப்பாத்திரங்களில் இட்டுப் புதைக்கப்பட்ட வெண்ணெய்க் கட்டிகள், எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டுவோர் கையில் இன்றும் அகப்படுகின்றன. அவற்றுட் சில ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமையானவை என்பது கதிர்க்கரிமக் காலக்கணிப்பால் உறுதிப்பட்டுள்ளது. 1672இல் எழுதப்பட்ட வில்லியம் பெட்டியின் அயர்லாந்து பற்றிய நூலிலும் சதுப்பு நிலத்தில் வைத்துக் காறலேறிய வெண்ணெய் இடம்பெறுகிறது. அதே நூல், ஆகஸ்ட் முதல் மே வரை உருளைக்கிழங்கு உண்ணப்படுவதையும் குறிப்பிடுவதால், பழைய உணவு முறையும் புதியதும் ஒரே அடுப்பில் சந்தித்த காலத்தின் சான்றாக அது விளங்குகிறது.

பாலுக்கு இணையாக நின்ற தானியம் ஓட்ஸ். ஈரமும் குளிரும் மிக்க அந்நாட்டில் கோதுமை நன்கு விளைவது அரிது. ஓட்ஸோ மண்வளம் குறைந்த இடத்திலும் விளைந்தது. அதைக் கஞ்சியாகக் கிண்டியும், தண்ணீர் விட்டுப் பிசைந்து இரும்புக் கல்லில் வாட்டி, பிறகு கணப்பின் முன் சிறு தாங்கியில் சாய்த்து நிறுத்தி, மொறமொறப்பாகும் வரை உலர்த்தி அடையாகவும் உண்டனர். இவ்வடை வாரக்கணக்கில் கெடாது என்பதால் நெடும்பயணம் செல்வோருக்கு அது கட்டுச்சோறாகவும் அமைந்தது. கதிரை அடித்துத் தூற்றாமல், வைக்கோலோடு தீயிட்டுத் தானியத்தை வறுத்தெடுக்கும் பழைய முறையொன்றும் இருந்தது. கால்நடைத் தீவனம் வீணாகிறது என்று கூறி 1630களில் டப்ளின் நாடாளுமன்றம் அதைச் சட்டத்தால் தடுத்தது.

ஓட்ஸ் மாவைச் சலித்தபின் நிற்கும் உமியும் வீணாகவில்லை. உமியில் சிறிதளவு மாவு ஒட்டியிருக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துச் சில நாள் புளிக்கவிட்டு, பிழிந்து வடிகட்டிய வெண்ணிற நீரைக் காய்ச்சினால் குளிர்ந்தபின் கூழ்போல் இறுகும். சௌவன்ஸ் என்றும் ஃப்ளம்மரி என்றும் அழைக்கப்பட்ட இது, பாலும் வெண்ணெயும் விலக்கப்பட்ட கத்தோலிக்க நோன்பு நாள்களில் பாலின் இடத்தை நிரப்பியதுடன், நோயாளிகளுக்குரிய பத்திய உணவாகவும் கருதப்பட்டது. தேவை மிகுந்த காலங்களில் உயிருள்ள மாட்டின் கழுத்து நரம்பைக் கீறிச் சிறிது இரத்தம் எடுத்து, அதை ஓட்ஸ் மாவும் வெண்ணெயும் சேர்த்துச் சமைத்ததாகவும் 17ஆம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதியுள்ளனர். மாட்டைக் கொன்று இறைச்சி தின்பதைவிட உயிரோடு வைத்து அதன் பாலையும் இரத்தத்தையும் கொள்வதே மாட்டை முதலாகக் கருதிய சமூகத்துக்கு அறிவுடைய செயலாகப் பட்டிருக்கும்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தை அடைந்ததாகக் கருதப்படும் உருளைக்கிழங்கு, முதல் நூறாண்டுகளில் தோட்டத்துத் துணைப்பயிராகவே இருந்தது. அதை ஏழையின் ஒரே உணவாக்கியது அதன் சுவையைவிட வணிகமே எனலாம். 1660களில் இங்கிலாந்து ஐரிஷ் கால்நடைகளின் இறக்குமதியைத் தடை செய்தபின், கார்க் துறைமுகத்தைச் சார்ந்து உப்பிட்ட மாட்டிறைச்சியும் வெண்ணெயும் பீப்பாய்களில் ஏற்றுமதியாயின; கடற்படைக் கப்பல்களும் கரீபியத் தோட்டங்களும் அவற்றை வாங்கின. மேய்ச்சலும் தானியமும் பணப்பயிர்களாக மாற, கூலிக்குப் பதிலாகத் துண்டு நிலம் பெற்ற உழவுத்தொழிலாளரும், ஒரே பருவத்துக்கென உயர்ந்த வாடகையில் நிலம் எடுத்தோரும் மிகச்சிறிய இடத்தில் மிகுந்த உணவு தரும் பயிரைத் தேட வேண்டியதாயிற்று. ஒன்றரை ஏக்கர் உருளைக்கிழங்கு ஒரு குடும்பத்தை ஆண்டின் பெரும்பகுதிக்குக் காத்தது. 1840களின் தொடக்கத்தில் சுமார் 20 லட்சம் ஏக்கரில் அக்கிழங்கு பயிரிடப்பட்டது. ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் அதை மட்டுமே நம்பியிருந்தனர்.

அந்நாளைய ஒருவேளை உணவைச் சற்று அருகிருந்து நோக்குவது தகும். மூன்று கால்கள் கொண்ட இரும்புப் பானையில் கிழங்குகள் தோலோடு வேகும். வெந்ததும் பானையை வாசலுக்குத் தூக்கிச் சென்று, மிலாறுகளால் பின்னிய அகன்ற ஆழமற்ற கூடையில் கவிழ்த்து நீரை வடிப்பர். பின்னர் அக்கூடையையே வெறும்பானையின் வாய்மேல் வைக்க, அதுவே உணவு மேசையாகிவிடும். அதைச் சுற்றித் தாழ்வான முக்காலிகளில் வீட்டார் அமர்வர். கத்தியோ முள்கரண்டியோ இராது; தோலை உரிப்பதற்கென்றே கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்ப்பர். நடுவே உப்பு கரைத்த நீர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு குவளை மோர். வேலை மிகுந்த நாள்களில் கிழங்கு முழுவதும் வேகாமல் நடுப்பகுதி கடினமாக இருக்கும்படி இறக்குவதும் உண்டு. அக்கடினப் பகுதிக்கு எலும்பு என்று பெயர், நெடுநேரம் பசி தாங்கும் என்பது நம்பிக்கை. மோரும் இல்லாத வீட்டில் உப்புக்கருவாடான ஹெர்ரிங் மீனையோ கூரையில் தொங்கும் பன்றியிறைச்சித் துண்டையோ கிழங்கால் சுட்டிக்காட்டிவிட்டு வெறுங்கிழங்கை விழுங்குவதாக ஒரு கேலிப்பேச்சும் வழங்கியது. தோல்கள் பன்றிக்கும் கோழிக்கும் போயின.

வயது வந்த ஆண்தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து முதல் ஆறு கிலோ வரை கிழங்கு உண்டார் என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். நம்பக் கடினமான இவ்வளவே அவ்வுணவின் வலிமையாகவும் இருந்தது: அத்தனை கிழங்கில் மாவுச்சத்தோடு போதிய புரதமும் வைட்டமின் சியும் கிடைத்தன, மோர் அல்லது ஆடை நீக்கிய பால் எஞ்சிய குறைகளில் பலவற்றை ஈடுசெய்தது. 1770களின் பிற்பகுதியில் தீவைச் சுற்றிவந்த ஆங்கிலேய வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங், ஐரிஷ் ஏழைகளின் வீடும் உடையும் மோசமாக இருப்பினும் வயிறு நிறைகிறது என்று பதிவு செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சேர்ந்தோரின் உயரக் குறிப்புகளை ஆராய்ந்த பொருளியல் வரலாற்றறிஞர்கள் ஜோயல் மோகிரும் கோர்மக் ஓ கிராடாவும், ஐரிஷ் வீரர்கள் ஆங்கிலேய வீரர்களைவிடச் சற்று உயரமாகவே இருந்ததைக் கண்டறிந்தனர். ஏழ்மையும் ஊட்டமும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்த இந்நிலை வரலாற்றில் அரிதானது; அது ஒரே பயிரின் மேல் நின்றதே அதன் கேடு.

கிழங்கை வேறு வடிவங்களில் சமைக்கும் முறைகளும் வளர்ந்தன. மசித்த கிழங்கில் பாலில் வெந்த வெங்காயத்தாளைச் சேர்த்துக் குவித்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் உருகவிடுவது சேம்ப். கேல் கீரையோ முட்டைக்கோஸோ சேர்த்தால் கால்கேனன். பின்னது அக்டோபர் 31ஆம் நாள் இரவுக்குரிய உணவாகி, அதனுள் மோதிரம் வைத்து, யார் பங்கில் அகப்படுகிறதோ அவருக்கு விரைவில் திருமணம் எனக் குறிபார்த்தனர். லீட்ரிம், கேவன், ஃபெர்மனா முதலிய வடமேற்கு மாவட்டங்களுக்குரிய பாக்ஸ்டி இவற்றினும் கைவேலை மிக்கது. பழைய தகர டப்பாவை விரித்து ஆணியால் துளையிட்டால் அதுவே துருவி. பச்சைக்கிழங்கை அதில் துருவி, துணியில் கட்டித் தொட்டியின் மேல் முறுக்கிப் பிழிந்து, பிழிந்த சக்கையுடன் மசித்த கிழங்கும் சிறிது மாவும் உப்பும் கலந்து கல்லில் சுட்டனர். தொட்டியின் அடியில் படிந்த மாவையும் கொட்டிவிடவில்லை. அதைப் பாக்ஸ்டியிலேயே திரும்பச் சேர்த்தனர், அல்லது துணிகளுக்குக் கஞ்சி போட எடுத்து வைத்தனர்.

பழைய கிழங்கு ஜூனில் தீர்ந்துபோக, புதியது ஆகஸ்டில் வரும்வரை உள்ள இடைவெளிதான் ஏழைகளின் கொடுங்காலம். கையில் காசிருந்தால் ஓட்ஸ் மாவு, இல்லையேல் கடன். இரண்டும் இல்லாத வீட்டில் ஆண்கள் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் அறுவடைக் கூலிக்குச் செல்ல, பெண்களும் பிள்ளைகளும் தம்மை அறிந்தவர் இல்லாத தொலைவூர்களில் பிச்சையெடுத்தனர். தொட்டால் அரிக்கும் நெட்டில் இலைகளும், வயலில் களையாக முளைக்கும் காட்டுக்கடுகுக் கீரையும் அப்போது பானைக்கு வந்தன. கடலோரத்தாருக்குப் பாறைகளில் ஒட்டிய லிம்பெட் சிப்பிகளும், டல்ஸ், ஸ்லோக், காரகீன் என்னும் கடற்பாசிகளும் கைகொடுத்தன. டல்ஸை உலர்த்தி அப்படியே மென்றனர். ஸ்லோக்கைப் பல மணிநேரம் வேகவைத்தனர். காரகீனைப் பாலில் காய்ச்சிக் கட்டியாக்கினர். இன்று விலையுயர்ந்த விடுதிகளில் பரிமாறப்படும் இவை, அன்று உண்டவருக்கு ஓரளவு வெட்கத்துக்குரிய உணவாக இருந்தன. ஜூலை இறுதி ஞாயிறன்று இளைஞர் மலையேறிக் காட்டுப்பழம் பறித்து விழா எடுத்ததற்கு, புதுக்கிழங்கு தோண்டும் நாள் வந்துவிட்டது என்ற நிம்மதியும் ஒரு காரணம்.

இதே வீடுகளில், மாடு வைத்திருந்தோர் வாரந்தோறும் வெண்ணெய் கடைந்தனர் என்பதை மறந்துவிடக் கூடாது. அவ்வெண்ணெய் உப்பிடப்பட்டு மரப்பீப்பாய்களில் கார்க் நகர் சென்றது. 1770 முதல் அங்கு இயங்கிய வெண்ணெய்ச் சந்தை ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்துத் தரம் பிரித்து முத்திரையிட்டது. 19ஆம் நூற்றாண்டில் உலகின் மிகப்பெரிய வெண்ணெய்ச் சந்தை அதுவே. கெர்ரி மலைப்பகுதியிலிருந்து அந்நகருக்குச் செல்லும் பாதைகளுக்கு வெண்ணெய்ப் பாதை என்றே பெயர் நிலைத்தது. குத்தகைப் பணம் தாழியிலிருந்து வந்ததால் தாழியைச் சுற்றி அச்சமும் குவிந்தது. கடையும் நேரத்தில் வீட்டுக்கு வருபவர் வேலையை வாழ்த்திவிட்டுத் தாமும் சிறிது கடைந்துவிட்டே அமர வேண்டும். இல்லையேல் வெண்ணெயின் பலனை அவர் எடுத்துச் சென்றதாக ஐயுறுவர். மே முதல் நாளன்று பாலையோ நெருப்பையோ வீட்டை விட்டு வெளியே தருவதில்லை. வெண்ணெய் திரளாமற்போவதற்குப் பாலின் வெப்பநிலை காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் திரளவில்லையெனில் குத்தகை கட்ட முடியாது என்னும்போது அயலாரின் கண்ணேறே முதலில் நினைவுக்கு வரும். வெண்ணெய் போனபின் வீட்டில் நின்றது மோர். கிழங்குக்கும் கஞ்சிக்கும் தொடுகறியாகவும், வெயிலில் தாகம் தீர்க்கும் பானமாகவும், பிற்காலத்தில் ரொட்டியைப் பொங்கவைக்கும் புளிப்பாகவும் அதுவே பயன்பட்டது.

பன்றியின் கதையும் ஏறத்தாழ இதுவே. குத்தகை கட்டும் கனவான் என்று வேடிக்கையாக அழைக்கப்பட்ட அவ்விலங்கு, கிழங்குத்தோலில் வளர்ந்து உயிரோடு சந்தைக்குச் சென்றது. சற்று வசதியான உழவர் மட்டும் குளிர்மாதங்களில் ஒன்றை வீட்டுக்கென அடித்து, இறைச்சியை உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்கி, பின் புகைபடும்படி கணப்பின் மேல் தொங்கவிட்டனர். குடலில் இரத்தமும் ஓட்ஸும் கொழுப்பும் நிரப்பி வேகவைத்த புட்டிங்கும் புது இறைச்சியும் அண்டை வீடுகளுக்குப் பங்கிடப்பட்டன. அவர்கள் அடிக்கும்போது அது திரும்பி வரும். குளிர்பெட்டி இல்லாத ஊரில் புது இறைச்சியைச் சேமிக்க அண்டை வீடே வழி. இங்கு ஒன்று குறிப்பிடத்தக்கது: அமெரிக்க ஐரிஷ் மக்கள் விழாவில் உண்ணும் உப்பிட்ட மாட்டிறைச்சி, தாயகக் கிராமங்களில் அன்றாட உணவாக இருந்ததில்லை, அது கப்பலேறிச் சென்ற பண்டம்.

1845 இலையுதிர்காலத்தில் ஃபைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி கிழங்கைத் தாக்கியது. வளங்குன்றிய நிலத்திலும் மிகுதியாக விளைந்த லம்பர் என்னும் ஒரே வகையை ஏழைகள் பெரிதும் நம்பியிருந்ததால் அழிவு பெருகியது. பிரதமர் ராபர்ட் பீல் அந்நவம்பரில் ஒரு லட்சம் பவுனுக்கு அமெரிக்க மக்காச்சோளத்தை மறைவாக வாங்கச் செய்தார். கல்போல் கடினமான அத்தானியத்தை அரைக்கவும் வேகவைக்கவும் மக்களுக்குப் பழக்கமில்லை. சரியாக வேகாததை உண்டு வயிற்றுநோயுற்றவர்கள், அதன் மஞ்சள் நிறத்தைக் கந்தகத்துக்கு ஒப்பிட்டுப் பீலின் பெயரையும் அதனுடன் ஒட்டினர். 1841இல் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65.5 லட்சமாகியது, பத்து லட்சம் பேர் இறந்தனர், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். பஞ்சத்தின் முதற்பருவங்களில் ஓட்ஸும் வெண்ணெயும் துறைமுகங்களிலிருந்து வெளியேறிக்கொண்டே இருந்தன, ஏனெனில் குத்தகை நிற்கவில்லை. வெறுத்து உண்ணப்பட்ட மஞ்சள் மாவோ, பஞ்சத்துக்குப் பின்னும் இரண்டு தலைமுறை ஏழைவீட்டுக் கஞ்சியில் நிலைத்துவிட்டது.

சோடா ரொட்டி இந்தக் காலத்துப் படைப்பு. பழமையானதென்று பலர் கருதினாலும், ஆப்பசோடா 1830களுக்குப் பிறகே அங்கு பரவியது. அயர்லாந்தின் ஈரக் காற்றில் விளைந்த கோதுமை மாவில் பசைத்தன்மை குறைவு என்பதால் ஈஸ்ட் சேர்த்து உப்பவைப்பதற்கு அது ஏற்றதன்று. சோடாவும் மோரின் புளிப்பும் சேர்ந்தால் எழும் வாயு, பிசைந்து ஊறவைக்காமலேயே மாவைப் பொங்கச் செய்தது. அடுப்புக்கூடு இல்லாத குடிசையில், பாஸ்டிபிள் என்னும் தட்டையான அடியுடைய இரும்புப் பானையில் மாவை வைத்து மூடி, மூடியின் மேலும் கரிமண் தணலைப் பரப்பினால் மேலும் கீழும் ஒருசேர வெந்தது. மேற்புறம் கத்தியால் கீறும் சிலுவைக்குறி வழிபாட்டுக்கு என்றும், தேவதைகளை வெளியேற்ற என்றும் சொல்லப்பட்டது. நடுப்பகுதிக்கு வெப்பம் செல்லவும் அது உதவியது.

தேநீரும் சர்க்கரையும் முட்டையின் வழியாக வீட்டுக்குள் வந்தன. கோழிகள் பெண்களுக்குரியவை, முட்டையைக் கடையில் கொடுத்துத் தேயிலை வாங்குவது அவர்கள் கையிலிருந்த ஒரே சுதந்திர வணிகம். வறுமைமிக்க மேற்குப் பகுதிகளுக்கென 1891இல் நிறுவப்பட்ட அரசு வாரியத்தின் அறிக்கைகளில், மிக ஏழைக் குடும்பங்களின் வரவுசெலவிலும் தேயிலைக்கும் மாவுக்கும் கணிசமான தொகை காணப்படுகிறது. அதே பத்தாண்டுகளில் பிரித்தானியச் சந்தையில் சீனத் தேயிலையை அசாமும் இலங்கையும் பின்தள்ளின. ஆகவே அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கானமாராக் குடிசையின் தணலோரத்தில் கறுக்கக் கொதித்த தேயிலையில் ஒரு பங்கு, இலங்கை மலைநாட்டில் தமிழ்த் தொழிலாளர் பறித்ததாகும். கஞ்சியையும் மோரையும் தேநீரும் வெள்ளை ரொட்டியும் விரட்டியதால் உடல்நலம் குன்றுகிறது என்று மருத்துவர்கள் குறைகூறினர். அக்குறையில் உண்மை உண்டு, ஆயினும் மோர் எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். 1889இல் லிமரிக் மாவட்டத்தின் டிரம்காலஹர் என்னும் ஊரில் முதல் கூட்டுறவு வெண்ணெய் ஆலை தொடங்கியபின், இயந்திரம் பாலைப் பிரிக்க, வீட்டுத் தாழி மெல்ல மெல்ல ஓய்ந்தது; முழுப்பால் ஆலைக்குப் போய் ஆடை நீக்கிய பால் திரும்பியது, அதுவும் பெரும்பாலும் கன்றுக்கும் பன்றிக்கும் ஊற்றப்பட்டது.

இவ்வுணவுகளைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி பயணிகளும் அரசு அலுவலரும் விட்டுச் சென்றவை. அவர்கள் வாசலில் நின்று பார்த்தவர்கள். தட்டில் இருந்ததை எழுதினர், அதைச் சமைத்தவரிடம் பேசியது குறைவு. ஏ. டி. லூகாஸ் 1960இல் உருளைக்கிழங்குக்கு முந்தைய உணவு பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளமாக இன்றும் நிற்கிறது. ஆனால் சமையற்கட்டின் உள்ளிருந்து வந்த குரல்களுக்கு, ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளின் வழியாகத் திரட்டிய குறிப்பேடுகளையே நாட வேண்டும். அவற்றில் பள்ளிப் பிள்ளைகள் தம் தாத்தா பாட்டியரையும் ஊர் முதியோரையும் கேட்டுப் பழங்கால உணவு என்ற தலைப்பின்கீழ் எழுதிய பக்கங்கள் எண்ணற்றவை. அவை இப்போது இணையத்தில் கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கின்றன; அயர்லாந்து உணவைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் சமையற்குறிப்பு நூல்களுக்கு முன் அவற்றைப் படிப்பது நல்லது.